மண்ணின் உப்பும் கொடியின் உப்பும்

புதுக்கோட்டைச் சீமை வற்றாத பேராறு எதனையும் பெற்றதன்று. வெள்ளாறும் பாம்பாறும் அக்கினியாறும் மழைநாளில் பெருகிக் கோடையில் மணற்பரப்பாய்க் கிடப்பவை. கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பி வாழ்ந்த இம்மண்ணில், நீரை எதிர்பாராது தாமே வளரும் செடிகொடிகளுக்குத் தனியொரு மதிப்பு இருந்து வந்தது. அவற்றுள் ஒன்று பிரண்டை. கள்ளிவேலியிலும் கோயிற்காட்டுப் புதரிலும் பாறையிடுக்கிலும் படர்ந்து, இலை உதிர்ந்த பின்னரும் பச்சைத் தண்டாலேயே உயிர் தாங்கும் நாற்கோணக் கொடி அது. கணுவோடு ஒரு துண்டை ஒடித்து வேலியோரம் ஊன்றிவிட்டால் போதும். அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.

இக்கொடியிலிருந்து அடுக்களை துவையலை எடுத்தது. மருத்துவம் உப்பை எடுத்தது. அதே காலத்தில் இச்சீமையில் வேறோர் உப்பும் எடுக்கப்பட்டு வந்தது. உவர்மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சிய அந்த மண்ணுப்பு, 1887ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையால் இல்லாமற் போயிற்று. இரண்டுக்கும் கைவேலை ஏறத்தாழ ஒன்றே. ஒன்று அழிந்து மற்றொன்று நிலைத்த வரலாறு, பிரண்டையைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மூலிகை என்றதும் நோயையும் மருந்தையும் மட்டுமே எண்ணுவது வழக்கமாகிவிட்டது.

மூலிகைக்கும் இம்மாவட்டத்திற்குமுள்ள உறவைச் சொல்லப் புகுவோர் நார்த்தாமலையிலிருந்து தொடங்குவது வழக்கம். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை முதலான குன்றுகளின் தொகுதி அது. அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டுகளே இக்குன்றுகள் என்பது ஊர்வழக்கு. தமிழகத்தில் இக்கதையைச் சொல்லாத குன்று குறைவு என்று நகைப்பாரும் உளர். நகைப்பு ஒருபுறமிருக்க, மழை குறைந்த பாறை நிலத்தில் வளரும் மூலிகைகளை மக்கள் தேடித் திரிந்து அறிந்தனர் என்ற உண்மை அக்கதைக்குள் இருக்கிறது. விசயாலய சோழீச்சுரத்தைக் காண மேலமலை ஏறுவோர், காலடியில் கிடக்கும் பிரண்டையைப் பெரும்பாலும் காண்பதில்லை.

பெயர்களில் தொடங்குவது கவிஞர்களுக்கு உவப்பாக இருக்கும். சித்த மருத்துவ நூல்கள் இக்கொடியை வச்சிரவல்லி என்று வழங்குகின்றன. வச்சிரம் போன்ற உறுதியைத் தரும் கொடி என்பது அதற்குக் கூறப்படும் பொருள். வடமொழியில் அஸ்திசம்ஹாரம் என்பர். தமிழ்ச் செவிக்குச் சங்காரம் என்றதும் அழித்தலே தோன்றும். இங்கோ அச்சொல் அதன் பழைய பொருளாகிய ஒன்றுசேர்த்தலைக் குறித்து நிற்கிறது. எலும்பைச் சேர்ப்பது என்பதே பொருள். இந்தியிலும் எலும்பு பொருத்தி என்ற கருத்திலேயே ஹட்ஜோட் என்கின்றனர். மலையாள நாட்டார் கண்ட உவமை வேறு. கணுக்கணுவாய்ப் பொருந்திய தண்டைச் சங்கிலியாகக் கண்டு சங்ஙலம்பரண்டை என்றனர். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் மலையாளத் தாவர நூலில், டச்சு ஆளுநர் வான் ரீடு அப்பெயரையே இலத்தீன் எழுத்தில் பதித்துப் படமும் தந்தார். பின்னர் 1767இல் லின்னேயஸ் இட்ட சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ் என்னும் பெயரோ தண்டின் நான்கு கோணத்தை மட்டுமே கண்டது. திராட்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது பிரண்டை என்றால் வியப்போர் பலர்; அதன் பற்றுக்கம்பியையும் சிறு சிவந்த கனியையும் உற்று நோக்கினால் உறவு விளங்கும்.

தமிழில் முப்பிரண்டை, ஓலைப்பிரண்டை, உருட்டுப்பிரண்டை, களிப்பிரண்டை என்று பல வகை பேசப்படும். வீட்டுப் பயன்பாட்டில் பெரிதும் வருவது நாற்கோணப் பிரண்டையே.

துவையல் செய்யும் முறையை நாடறியும். எனினும் அதிலுள்ள நுட்பத்தை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். முற்றிய தண்டு ஆகாது. நுனியிலிருந்து மூன்று நான்கு கணுவரை இளந்தண்டே வேண்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஓரத்து நாரை உரித்து, கணுவை நீக்கி, எண்ணெயில் நிறம் மாறிச் சுருங்கும் வரை வதக்க வேண்டும். உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், உப்பு ஆகியவற்றோடு புளி சற்றுத் தாராளமாகவே சேரும். அவசரக்காரர் வதக்கலைக் குறைத்தாலோ புளியைக் குறைத்தாலோ நாக்கும் தொண்டையும் அரிக்கும். அவ்வரிப்புக்குக் காரணம் தண்டினுள் ஊசிபோல் நிறைந்துள்ள கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள். பிரண்டை தாதுக்கள் மிக்கது என்பதற்கு நாக்கே முதற் சான்று எனலாம். படிகத்தின் பெயரை அறியாமலே அதனை அடக்கும் வழியைக் கண்டவர்கள் வீட்டுப் பெண்கள். அப்பளத்திற்கு உளுந்து மாவு பிசையும்போது பிரண்டைச் சாற்றைச் சேர்த்ததும் அவர்களே. அப்பளக்காரம் செய்யும் வேலையில் ஒரு பங்கை இச்சாறு செய்தது. அப்பளம் பொரிந்து மலர்ந்தது.

திவச நாளில் பிரண்டைத் துவையல் இலைக்கு வருவது இன்றும் பல குடும்பங்களில் உள்ள வழக்கம். ஆயிரத்தெட்டுக் கறி கேட்ட விருந்தினருக்கு, பாகற்காய் நூறாகவும் பிரண்டை முந்நூறாகவும் பலா அறுநூறாகவும் கணக்கிடப்பட்டு, எஞ்சிய எட்டுக் கறிகளோடு விருந்து நிறைந்தது என்ற முனிவர் கதையும் அதன் பின்னே உண்டு. பாகலினும் மும்மடங்கு மதிப்பைப் பிரண்டைக்குத் தந்த அந்தக் கணக்குப்பிள்ளை யாரோ, சுவையறிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

தீய மகனைப் பெற்ற தாய், பெற்ற வயிற்றில் பிரண்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நொந்து கூறும் வழக்கு மற்றொன்று. இதற்கு இருவேறு விளக்கம் உண்டு. வயிற்றெரிச்சலுக்குப் பிரண்டை மருந்தாதலின் எரியும் வயிற்றுக்கு அது வேண்டும் என்கிறாள் என்பது மருத்துவம் அறிந்தோர் கூற்று. பச்சைப் பிரண்டை மேனியில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் தருமாதலின், இப்பிள்ளையைப் பெற்ற வயிறு தண்டனை பெறட்டும் என்கிறாள் என்பது மற்றோர் விளக்கம். தாயின் குரலுக்கு இரண்டாவதே பொருந்துகிறது. ஆயினும் மருந்தும் தண்டனையும் ஒரே கொடியில் இருப்பதனாற்றான் அவ்வழக்கு இத்தனை காலம் நிலைத்தது என்றும் கொள்ளலாம்.

மருத்துவப் பயன்கள் இரு கிளையாகப் பிரியும். முதலாவது வயிறு. பசியின்மை, செரியாமை, வாயு, மூலம் ஆகியவற்றுக்குத் துவையலும் வடகமும் உப்பும் தரப்பட்டன. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஒயிட்லா எயின்சிலி 1826இல் வெளியிட்ட 'மெட்டீரியா இண்டிகா'வில், இதன் இலையையும் இளந்தண்டையும் உலர்த்திப் பொடித்துச் செரியாமையால் வரும் குடல்நோய்களுக்குத் தமிழ் மருத்துவர்கள் தருவதைக் குறித்துள்ளார். மாட்டுக்கு வயிறு உப்பினாலும் இரை எடுக்காமல் நின்றாலும் பிரண்டையை நசுக்கிக் கொடுப்பது உழவர் வழக்கம். இரண்டாவது எலும்பு. சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்திற்கும் பிரண்டைச் சாற்றில் புளியும் உப்பும் சேர்த்துக் குழம்பாகக் காய்ச்சி, இளஞ்சூட்டில் பற்றுப் போடுவர். முறிவுக்கு மூங்கிற்பத்தை வைத்துக் கட்டியவர்களும் இதனை உடன் பயன்படுத்தினர்.

இனி உப்பு. முற்றிய பிரண்டையைத் துண்டாக்கி நன்கு உலர்த்தி, திறந்த வெளியில் எரித்து வெண்சாம்பலாக்குவர். சாம்பலைப் பானை நீரில் கரைத்துக் கலக்கி ஓர் இரவு தெளியவிடுவர். அடியில் சேறு தங்கும். தெளிவைக் கலக்காமல் துணியில் வடித்து, அடுப்பேற்றிச் சுண்டக் காய்ச்சினாலும் அகன்ற தட்டில் வெயிலில் வைத்தாலும் வெண்ணிறத் தூள் எஞ்சும். ஒரு சுமை பிரண்டைக்குக் கிடைப்பது கைக்குள் அடங்கும் அளவே. காற்றுப்பட்டால் கசிந்து நீர்த்துவிடும். ஆதலால் நெருக்க மூடிய கலத்தில் வைக்க வேண்டும். மோரிலோ நெய்யிலோ குன்றிமணி எடைக்கணக்கில் தருவது மரபு. சித்த மருத்துவம் தாதுப்பொருள்களை வகுக்கும்போது காரசாரம் எனப்படும் உப்புகளை இருபத்தைந்தாகவும் பாடாணங்களை அறுபத்து நான்காகவும் எண்ணியது. உப்பை உணவின் சுவையாக மட்டும் கருதாமல், பொருளின் சாரமாகவே அம்மரபு கருதியது. நாயுருவி உப்பும் பிரண்டை உப்பும் அக்கருத்தின் விளைவுகள்.

உவர்மண்ணிலிருந்து உப்பெடுத்தவர்களும் இதையேதான் செய்தனர். கோடையில் உவர்நிலத்தின்மேல் வெண்மையாகப் பூக்கும் மண்ணைச் சுரண்டிக் குவிப்பர். அடியில் துளையிட்டு வைக்கோல் பரப்பிய கலத்தில் அம்மண்ணை நிரப்பி நீர் வார்ப்பர். மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு சொட்டுச்சொட்டாக இறங்கும் நீரைத் தெளியவைத்துக் காய்ச்சுவர். கரைத்தல், தெளிவித்தல், வடித்தல், காய்ச்சுதல் என்னும் நான்கு வினையும் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு தொடக்கத்தில் மட்டுந்தான்: மண்ணில் உப்பு ஏற்கெனவே பிரிந்து நிற்கிறது, கொடியில் அதனைப் பிரிக்க நெருப்பு வேண்டும். இத்தொழிலாலேயே பெயர் பெற்ற குடியினர் உப்பிலியர். வெடியுப்புக் காய்ச்சுதலும் அவர்கள் கைத்தொழிலே. குன்றாண்டார்கோவில் வட்டாரத்து உப்பிலியக்குடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அவர்களை நினைவூட்டி நிற்கிறது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் நிலை அக்காலத்தில் தனித்தன்மை உடையது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை என்னும் பிரிட்டிஷ் மாவட்டங்கள் சூழ நடுவே தொண்டைமான் ஆட்சி நடந்தது. எல்லைக்கு அப்பால் உப்பு அரசின் தனியுரிமை. மணங்குக்கு இரண்டு ரூபாய் வரி 1882இல் விதிக்கப்பட்டிருந்தது. 1888இல் அது இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. வரி செலுத்தாத மண்ணுப்பு ஒரு பக்கமும் வரி ஏறிய கடலுப்பு மறுபக்கமும் இருக்க, இடையே இருந்தது மாட்டுவண்டித் தடங்கள் ஊடறுத்துச் செல்லும் ஒரு கோடு. இந்நிலையைச் சென்னை அரசு நெடுநாள் பொறுத்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

1886இல் இராமச்சந்திர தொண்டைமான் மறைந்தார். அவருக்குப் பின் பட்டத்திற்கு வந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அப்போது சிறுவர். 1878 முதலே நிருவாகத்தில் இருந்த அ. சேஷையா சாஸ்திரியார் திவானாகவும் ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்து நாட்டை நடத்தினார். நகரத்து வீதிகளைச் செம்மைப்படுத்தியவர், குளங்களைத் திருத்தியவர் என்று அவரை இவ்வூர் நன்றியோடு நினைப்பது முறையே. அவர் பொறுப்பிலிருந்த 1887இல்தான் சமஸ்தானத்தில் மண்ணுப்பு எடுப்பதை ஒழிக்க உடன்படிக்கை ஆயிற்று. அதற்கு ஈடாகப் பிரிட்டிஷ் அரசு ஆண்டுதோறும் 38,000 ரூபாய் சமஸ்தானத்திற்கு வழங்கியது.

கணக்கேட்டில் இது நட்டமில்லாத பேரம். நாட்டின் வருவாய் குறையவில்லை. சூழ்ந்திருந்த வல்லரசோடு பூசலும் இல்லை. திவானின் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் மறுத்திருக்க முடியுமா என்பது ஐயமே. ஆனால் ஈடு பெற்றது கருவூலம்; இழந்தது கை. உவர்நிலம் எங்கே நன்றாகப் பூக்கும், எந்த மண்ணில் கசப்பு மிகும், நீர் எவ்வளவு வார்க்க வேண்டும், காய்ச்சலை எந்தப் பதத்தில் நிறுத்த வேண்டும் என்று தலைமுறையாகச் சேர்ந்த அறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. அது தொழிலோடு வாழ்ந்தது, தொழிலோடு போயிற்று. உப்பெடுத்த கைகள் மண்வெட்டவும் கூலிக்கும் சென்றன. உப்புக்கு வரி தந்து வாங்கும் நிலை சமஸ்தானத்துக் குடிசைக்கும் வந்தது. 1930இல் இராசாசி திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்து உப்பு அள்ளியதைத் தமிழகம் பாடிக் கொண்டாடுகிறது. அதற்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், அதே திருச்சிக்குத் தெற்கே அணைந்த உப்படுப்புகளுக்குப் பாட்டும் இல்லை, ஊர்வலமும் இல்லை.

பிரண்டை உப்பு தப்பியது எவ்வாறு? அதன் சிறுமையால். அது வண்டியேறும் சரக்கன்று. சந்தையில் படிக்கணக்கில் அளப்பதன்று. எவர் குழம்பிலும் கடலுப்புக்கு மாற்றாக நின்று வரியைக் குறைப்பதன்று. வைத்தியர் வீட்டுக் கொல்லையில் எரிந்த ஒரு சுமைக் கொடி எந்தச் சுங்க அதிகாரியின் கண்ணையும் உறுத்தவில்லை. பெரிய தொழிலின் கைவினை மறைந்த பிறகு, அதே வினையின் சிறுவடிவம் மருந்தின் பெயரால் எஞ்சி நின்றது. சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974 சனவரி 14இல் தனி மாவட்டமாக உருப்பெற்ற பின்னரும், சாம்பலைக் கரைத்து வடிக்கும் அந்த முறை சித்த மருத்துவர்களிடையே தொடர்ந்து வந்தது.

எஞ்சிய அவ்வுப்பில் உண்மையில் இருப்பது யாது என்பதையும் கூற வேண்டும். இங்கேதான் இந்நாளைய விளம்பரங்கள் வழுக்குகின்றன. பிரண்டையில் கால்சியம் மிகுதி, ஆகவே பிரண்டை உப்பு எலும்புக்கு உரம் என்று எழுதப்படுகிறது. கொடியை எரிக்கும்போது அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டு, கால்சியம் கார்பனேட்டாக மாறும். அது நீரில் கரையாது. ஆகவே தெளிய வைக்கும் இரவில் அது பானையடிச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. தெளிவோடு வருவன பெரும்பாலும் பொட்டாசியத்தின் உப்புகளே. காற்றுப்பட்டதும் கசிவதும் அவற்றின் இயல்பே. காரத்தன்மை உடைய அது புளித்த வயிற்றுக்கு இதம் தருவது இயல்பு. முன்னோர் அதனைச் செரியாமைக்கும் வாயுவுக்கும் தந்தது பொருத்தமாகவே இருக்கிறது. முறிவுக்கு அவர்கள் தேடியது உப்பையன்று, சாற்றையும் பற்றையும்.

அரபு மொழியில் அல்கலி என்றால் செடியின் சாம்பல். அச்சொல்லே ஐரோப்பியருக்குக் காரப்பொருளின் பெயராயிற்று. அம்ப்ரி டேவி 1807இல் சாம்பற்காரத்திலிருந்தே பொட்டாசியத்தைப் பிரித்தார். தமிழ் உழவன் உரத்தை வகைப்படுத்தும்போது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்கிறான். அம்மூன்றாவது பொட்டாசியமே. வேதியியலார் பெயர் தேடி அலைந்த காலத்தில் இச்சொல்லைத் தந்தவர் எவராயினும், பானையில் சாம்பல் கரைத்த அனுபவம் உடையவராகவே இருப்பார்.

எலும்புக்குப் பிரண்டை உதவும் என்ற நம்பிக்கையை ஆய்வுக்கூடம் ஏற்றெடுத்தது 1960களில். பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாதும் எலும்பு முறிந்த விலங்குகளுக்குப் பிரண்டைச் சாரத்தைத் தந்து, முறிவு விரைந்து கூடுவதைக் கண்டனர். அதற்கு அவர்கள் காட்டிய காரணம் கொடியிலுள்ள ஸ்டீராய்டு வகைப் பொருள், கால்சியம் அன்று. கணுவைக் கண்டு மூட்டை நினைத்து, தண்டைக் கண்டு எலும்பை நினைத்த பழைய உவமை, தான் சொன்ன காரணத்தால் அன்றி வேறொரு காரணத்தால் ஓரளவு மெய்யாயிற்று. கவிஞர்களுக்கு இத்தகைய நேர்ச்சி புதிதன்று. விலங்கில் கண்டதை மனிதர்க்கு உறுதியென உரைக்கப் பேரளவிலான சோதனைகள் இன்னும் வேண்டும்.

தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவ ஆய்வு, சினை பிடிக்காத பசுக்களுக்கான முறையில் முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கையிலை, கறிவேப்பிலை ஆகியவற்றோடு பிரண்டையையும் வரிசைப்படுத்தித் தந்துள்ளது. கடல்கடந்த நாடுகளிலோ 2000க்குப் பின் அது உடல் மெலிய விழுங்கும் குளிகையாகப் புட்டியில் ஏறியது. அப்புட்டியின்மேல் துவையலுக்கும் இடமில்லை, நாவரிப்புக்கும் இடமில்லை. சிறுநீரகம் நலிந்தவர்க்குப் பொட்டாசியம் மிகுந்த உப்பு தீங்காக முடியலாம். ஆக்சலேட்டு மிகுந்த பச்சைக்கொடி கல்லடைப்பு உள்ளோர்க்கு ஆகாது. குன்றிமணி எடை என்று முன்னோர் வைத்த வரம்பை மீறி, இயற்கைப் பொருள்தானே என்று கரண்டியால் அள்ளுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. நாள்பட்ட நோயுடையார் தேர்ந்த சித்த மருத்துவரைக் கேளாமல் இவ்வுப்பைத் தொடாதிருத்தலே நன்று.

உவர்நிலங்கள் பல இன்று வீட்டுமனைகளாயின. சில சீமைக்கருவேலுக்குள் மறைந்தன. எஞ்சிய இடங்களில் பங்குனி வெயிலில் மண் இன்னும் வெண்மையாகப் பூக்கிறது. அதனைச் சுரண்டுவார் இல்லை. வேலிப் பிரண்டையை மட்டும் விடியற்காலையில் ஒடித்துக் கட்டுக்கட்டாகச் சந்தைக்குக் கொண்டுவருகின்றனர் மூதாட்டியர். வாங்குவோர் இளசாக இருக்கிறதா என்று நுனியைக் கிள்ளிப் பார்க்கின்றனர். முற்றிய அடித்தண்டு விலைபோகாமல் கூடையில் தங்குகிறது. உப்பெடுக்க வேண்டியது அந்த முற்றிய தண்டே.